மாற்றியமைத்த டிஎஸ்-1, மாற்றாத டிஎஸ்-1: காதில் விழும் அறிகுறியிலிருந்து குறையைத் தேடுவது

ஆரஞ்சு நிற ‘பாஸ்’ டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், அதாவது கிட்டாரின் ஒலியை முரடாக்கும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி, 1978 முதல் சந்தையில் இருக்கிறது. ராக் கிட்டார் கலைஞர்கள் கர்ட் கோபேனும் ஜோ சாட்ரியானியும் பயன்படுத்திய பெடல் இது. விலை குறைவு. திறப்பதும் எளிது. அதனால் உலகில் மிக அதிகமாகப் பிரித்து மாற்றப்படும் கிட்டார் பெடல்களில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. இரண்டு டையோடுகளையும் நாலைந்து கெபாசிட்டர்களையும் மாற்றிவிட்டு, மாற்றாத இன்னொன்றின் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கிறோம். அந்த நேரத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது.

காதில் விழும் வேறுபாட்டுக்கு மூன்று மூலங்கள் இருக்கலாம். சத்த அளவு வேறாக இருக்கலாம், சால்டரிங்கில் பிழை நேர்ந்திருக்கலாம், அல்லது மாற்றிய பாகம் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் “மாற்றியதுதான் உயர்ந்தது” என்றோ “பணம் வீண்” என்றோ தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் இந்த மூன்றில் எது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

வேலைக்கு ஒரு மல்டிமீட்டர், புதிய 9 வோல்ட் பேட்டரி, ஒலியைத் தேடும் கம்பி ஆகியவை போதும். அந்தக் கம்பியை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, வெளிவலையைப் பெடலின் எர்த்தில் கவ்வுங்கள். நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்து, அதன் மறுகாலைத் தொடுமுனையாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிளின் மறுமுனை ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும், ஆம்பின் சத்தம் குறைவாக இருக்கட்டும். போர்டில் எந்த இடம்வரை ஒலி வருகிறது, எங்கே அறுபடுகிறது என்பதை இது காட்டிவிடும்.

மாற்றிய பெடல் போட்டவுடனேயே பல மடங்கு சிறப்பாகத் தெரிகிறது

பெரும்பாலும் இது அதிகச் சத்தம் மட்டுமே. நம் காது சற்று உரத்த ஒலியைக் கனமானது, தெளிவானது, உயிருள்ளது என்று எடுத்துக்கொள்கிறது. டிஎஸ்-1 மாற்றங்களில் இந்த ஏமாற்றம் உள்ளேயே அமர்ந்திருக்கிறது. தொழிற்சாலைப் பெடலில் ஐ.சி.யிலிருந்து (ஒலியலையைப் பெருக்கும் சில்லு) வரும் அலையின் தலையை வெட்டுவது, எதிரெதிர்த் திசையில் எர்த்துக்கு இணைத்த இரண்டு 1என்4148 சிலிக்கான் டையோடுகள். அவை ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் வெட்டுகின்றன. அவற்றின் இடத்தில் பலரும் சிவப்பு எல்.இ.டி. போடுவார்கள். அது வெட்டுவது 1.7 வோல்ட் அருகில். ஆகவே வெட்டப்பட்ட அலையின் உயரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதாவது சுமார் 9 டெசிபல் கூடுகிறது. 10 டெசிபல் கூடினால் சத்தம் இரட்டிப்பானதாகக் காது உணரும். இரண்டு பெடலிலும் சத்தத்துக்கான லெவல் குமிழை நடுவில் வைத்து ஒப்பிட்டால் மாற்றியது வெல்லாமல் எப்படி இருக்கும்?

ஒரு பக்கம் சிலிக்கான், மறுபக்கம் சிவப்பு எல்.இ.டி. என்று சமச்சீரில்லாமல் போட்டிருந்தாலும் ஏற்றம் 5 முதல் 6 டெசிபல்வரை இருக்கும். அதுவும் தீர்ப்பைச் சாய்க்கப் போதுமானது.

எனவே முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. கைபேசியில் 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இரு பெடல்களின் வெளியீட்டையும் மல்டிமீட்டரில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஎஸ்-1 இன் டோன் சுற்று, குமிழ் நடுவில் நிற்கும்போது 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் பள்ளம் தோண்டுகிறது. நடு ஒலியை நிரப்புவதற்காக அந்தச் சுற்றை ஒருவர் மாற்றியிருந்தால், 400 ஹெர்ட்ஸில் சமன் செய்தவுடன் மாற்றிய பெடல் மற்ற எல்லா இடங்களிலும் தேவைக்கு மேல் சிறுத்துவிடும். இப்போது அநியாயம் எதிர்ப்பக்கம் நடக்கிறது.

நான் செய்வது வேறு. பெடல் எதுவும் இல்லாமல் ஒரு நிமிடம் கிட்டார் வாசித்துப் பதிவு செய்துகொள்கிறேன். அதில் தனிச்சுரம், இருகம்பிக் கோர்டு, முழுக் கோர்டு, கையால் அமர்த்தி மீட்டுவது எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கிட்டாரின் அளவுக்குச் சிறிதாக்கி, அதாவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு அளவில், இரண்டு பெடலுக்கும் அனுப்பி, வெளியீட்டைக் கணினியில் பதிந்து, இரண்டின் சராசரிச் சத்தமும் ஒன்றாகும்வரை லெவல் குமிழைத் திருப்புகிறேன். பிறகு எது எது என்று எனக்குச் சொல்லாமல் வேறொருவர் மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும். டிஎஸ்-1 இன் நுழைவில், கிட்டாரையும் உள்சுற்றையும் பிரித்து வைக்கும் ஒரு பஃபர் டிரான்சிஸ்டர் இருப்பதால், கிட்டார் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) பதில் பதிவை அனுப்புவது இங்கே பெரிய தவறாகாது. கேட்கும் ஆம்பில் மட்டும் சுத்தமான சேனலை வையுங்கள். ஏற்கனவே டிஸ்டார்ஷன் ஓடும் ஆம்ப், பெடல்களின் வேறுபாட்டில் பாதியை விழுங்கிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றியதே நன்றாக இருக்கிறது என்றால், அந்த மாற்றம் உண்மையானது. மனம் நிறைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாகத்தை மாற்றியும் ஒலி மாறவே இல்லை

பாகம் சரியாக இருக்கும், ஆனால் அது ஒலியைத் தீர்மானிக்கும் இடத்தில் இல்லாமல் இருக்கலாம். ஐ.சி.யை மாற்றியவர்களுக்கு இந்த ஏமாற்றம் அதிகம். டிஎஸ்-1 இல் அலையை உருக்குலைப்பதில் பெரும்பங்கு டையோடுகளுக்குரியது. ஐ.சி.யின் சொந்தக் குணம் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ப்ரோகோ ரேட் பெடலில் நிலைமை வேறு. அதன் எல்எம்308 ஐ.சி. இயல்பிலேயே மெதுவானது, மைக்ரோவினாடிக்கு 0.3 வோல்ட் அளவில்தான் அதன் வெளியீடு ஏறி இறங்கும். மிகுந்த பெருக்கத்தில் அந்த மந்தமே ஒலியின் மேல்விளிம்பை மழுங்கடிக்கிறது. அங்கே நடந்ததை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஒரே மதிப்புள்ள கெபாசிட்டரை விலையுயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டராக மாற்றியிருந்தாலும் பெரிதாக எதுவும் கேட்காது. ஒலியை மாற்றுவது மதிப்பு. ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 (TS9) என்ற வேறொரு பெடலை, அதன் பழைய 808 மாதிரியாக மாற்றுவது என்ற புகழ்பெற்ற வேலையும் இந்த வகைதான். அதில் மாறும் இரண்டு வெளியீட்டு ரெசிஸ்டர்கள் 470 ஓமிலிருந்து 100 ஓமுக்கும், 100 கிலோ ஓமிலிருந்து 10 கிலோ ஓமுக்கும் இறங்குகின்றன. ஆம்பின் உள்தடை 1 மெகா ஓம் அளவில் இருக்கும்போது இதனால் வரும் வேறுபாடு மிகச் சிறியது.

இன்னொரு காரணம், தவறான பாகத்தை மாற்றியிருப்பது. டிஎஸ்-1 போர்டு பலமுறை திருத்தப்பட்டது. பழைய போர்டுக்கு எழுதிய குறிப்பில் வரும் பாக எண் உங்கள் போர்டில் வேறொன்றைக் குறிக்கலாம். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பாகத்தின் மதிப்பைப் படியுங்கள், அதன் கால்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள்.

விளக்கு எரிகிறது, மிதித்தால் ஒலி போய்விடுகிறது

மாற்றம் செய்த மேசையிலேயே நேரும் குறை இது. பதற்றம் வேண்டாம், பெரும்பாலும் பத்து நிமிடத்தில் அகப்பட்டுவிடும். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, வெட்டும் டையோடுகளின் இரு முனைகளையும் தொடுங்கள், பிறகு முனைகளை மாற்றித் தொடுங்கள்.

இரு திசையிலும் 0.6 அருகில் காட்டினால் டையோடுகள் சரி. சிவப்பு எல்.இ.டி. என்றால் 1.6, 1.8 என்று காட்டி மங்கலாக மினுங்கும். இரு திசையிலும் பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட்: பக்கத்து இணைப்போடு சால்டர் ஒட்டியிருக்கிறது அல்லது டையோடு சூட்டில் செத்துவிட்டது. ஒலி முழுவதும் எர்த்துக்குப் போவதால்தான் அமைதி. ஒரு திசையில் மட்டும் 0.6 காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாவிட்டால் இரண்டு டையோடுகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன, அல்லது ஒன்றின் கால் பிடிக்கவில்லை. அப்போது ஒலி அற்றுப்போகாது. அலையின் ஒரு பாதி மட்டும் டையோடில் வெட்டப்பட, மறுபாதி ஐ.சி.யின் எல்லைவரை ஓடி முட்டும். முரடாகவும் எதிர்பாராத அளவு உரத்தும் கேட்கும். சிலர் அதை ரசித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைத் தெரிந்து செய்தால் எனக்கு மறுப்பில்லை.

டையோடு சரியென்றால் ஒலி தேடும் கம்பியை எடுங்கள். நுழைவு ஜாக், முதல் டிரான்சிஸ்டர், அடுத்து வரும் பெருக்க டிரான்சிஸ்டரின் கலெக்டர் (ஒலி வெளியேறும் கால்), ஐ.சி.யின் வெளியீடு, டையோடு, டோன் குமிழ், லெவல் குமிழ் என்ற வரிசையில் தொட்டு வாருங்கள். பெருக்க டிரான்சிஸ்டர் தனியாகவே சுமார் 35 டெசிபல் ஏற்றுகிறது. அந்த இடத்தைத் தொட்டவுடன் சத்தம் சட்டென்று உயர வேண்டும், அடுத்த நிலைக்கு வந்ததும் ஒலி நொறுங்கத் தொடங்க வேண்டும்.

பெருக்க டிரான்சிஸ்டருக்குப் பிறகு ஒலி இல்லை என்றால், அதை நீங்கள் மாற்றினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூலப் பாகமான 2எஸ்சி2240 இன் கால்கள், தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்போது, எமிட்டர், கலெக்டர், பேஸ் என்ற வரிசை. நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் பிசி549 இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். துளையில் அப்படியே செருகினால் எதுவும் வேலை செய்யாது. காலை மடக்கி, ஒன்றையொன்று தொடாதபடி சிறு உறை போட்டுப் பொருத்த வேண்டும்.

ஐ.சி.யில் அறுபட்டால் அதன் வெளியீட்டுக் காலில் வோல்ட் அளவைப் பாருங்கள். ஒன்பது வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய பாதி, அதாவது 4.5 வோல்ட் நிற்க வேண்டும். பூஜ்யத்தையோ ஒன்பதையோ ஒட்டி நின்றால் ஐ.சி. கெட்டது, அல்லது பக்கத்துக் கால்கள் ஒட்டியிருக்கின்றன. இந்தப் பெடலின் பிற்கால ஐ.சி.க்கள் ஒற்றை வரிசையில் எட்டுக் கால் உடையவை. இரட்டை வரிசை ஐ.சி.யை அங்கே நேரடியாகப் பொருத்த முடியாது, இடைப்பலகை வேண்டும். அந்த இடைப்பலகையில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஒலி இல்லையென்றால் செம்புப் பாதையைச் சந்தேகியுங்கள். அதிகச் சூடு கொடுத்து இழுத்தால் கால் பொருந்தும் செம்பு வட்டம் போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும். மேலே பார்த்தால் சால்டர் பளபளப்பாகவே இருக்கும், கீழே இணைப்பே இருக்காது. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ‘பீப்’ ஒலிக்கும் நிலையில் வைத்து, அந்தக் காலிலிருந்து அடுத்த பாகத்தின் கால்வரை பிடித்துப் பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய உறைக்கம்பியால் பாலம் போடுங்கள். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் தலைகீழாக இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

மேசையில் திறந்து கிடக்கும்போது வேலை செய்து, அடித்தகட்டை முடுக்கியதும் ஒலி போகிறதா? உயரமான புதிய கெபாசிட்டரோ வெட்டாமல் விட்ட காலோ உலோக உடலைத் தொடுகிறது.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒலி இல்லை

மின்சாரத்தைப் பாருங்கள். பாஸ் பெடலில், மிதிக்காத நிலையிலும் ஒலி பஃபர்கள் வழியாகத்தான் போகிறது. மின்சாரம் இல்லையென்றால் எதுவும் கடந்து வராது. பேட்டரியின் எதிர்முனை, நுழைவு ஜாக்கில் மோனோ பிளக் செருகினால்தான் எர்த்தோடு சேரும். ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் பேட்டரி இணையாமலே இருக்கும். அடாப்டர் என்றால் நடுமுனை எதிர்மின்னாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

விளக்கு மங்கல், ஒலியும் சோர்ந்திருக்கிறது

ஒப்பீட்டையே கெடுக்கும் இந்தக் குறையைப் பலர் கவனிப்பதில்லை. பழைய பெடல்களில் ‘ஏசிஏ’ என்ற அடாப்டர் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது சீர்செய்யப்படாத 12 வோல்ட் அடாப்டர். அதற்காகப் பெடலின் உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டையோடும் வைத்து வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். பிறகு வந்தவை ‘பிஎஸ்ஏ’, சீர்செய்த 9 வோல்ட்டுக்கானவை. பழைய பெடலை இன்றைய 9 வோல்ட் அடாப்டரில் தனியாக இணைத்தால் உள்ளே போவது ஒன்பதைவிடக் குறைவு. விளக்கு மங்கும், ஒலி சோரும்.

விந்தை என்னவென்றால், அதே பெடலைப் பிஎஸ்ஏ பெடலோடு ஒரே கிளைக்கம்பி அடாப்டரில் இணைத்து, இரண்டையும் கேபிளால் தொடுத்தால் விளக்கு பிரகாசமாகிவிடும். கேபிளின் எர்த் வழியாக மின்சாரம் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே ஒரு பெடலைத் தனியாகவும் மற்றொன்றைத் தொடுத்தும் கேட்டால், நீங்கள் ஒப்பிடுவது பெடல்களை அல்ல, இரு வேறு வோல்ட் அளவுகளை. ஒப்பீடு முடியும்வரை இரண்டிலும் ஒரே வகைப் புதிய பேட்டரியைப் போட்டுவிடுங்கள். பழைய பெடலில் அந்த ரெசிஸ்டரையும் டையோடையும் கம்பியால் கடந்து நிரந்தரமாக 9 வோல்ட்டுக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு 12 வோல்ட் ஏசிஏ அடாப்டரை அதில் ஒருபோதும் செருகக் கூடாது. பெடலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

டிஸ்டார்ஷன் குறைந்துவிட்டது, அல்லது சத்தம் சிறுத்துவிட்டது

வெட்டும் உயரம் கூடினால் அதை எட்ட அலைக்கு அதிகப் பெருக்கம் வேண்டும். எல்.இ.டி. போட்ட பெடல், டிஸ்டார்ஷன் அளவுக்கான டிஸ்ட் குமிழ் அதே நிலையில் இருக்கும்போது திறந்த, குறைவாக நொறுங்கும் ஒலியைத் தருவது இதனால்தான். இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். நீல, வெள்ளை எல்.இ.டி. போட்டவர்கள் கவனிக்க வேண்டும்: அவை 3 வோல்ட் அருகில்தான் கடத்தத் தொடங்கும். ஒன்பது வோல்ட்டில் ஓடும் ஐ.சி. அதற்கு மேல் அதிகம் ஏறாது. அங்கே வெட்டுவது பெரும்பாலும் ஐ.சி.யே, எல்.இ.டி. அலங்காரமாக நிற்கிறது. ஜெர்மேனியம் டையோடு நேர்மாறானது. 0.3 வோல்ட்டில் வெட்டுவதால் சத்தம் பாதியாக, அதாவது 6 டெசிபல் இறங்கும். லெவல் குமிழை முழுவதும் திருப்பியும் போதவில்லை என்று வருபவர்கள் பெரும்பாலும் இதைப் போட்டவர்களே. ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜெர்மேனியம் டையோடுகளைத் தொடராகப் போட்டால் சத்தம் திரும்பும்.

தனியாகக் கேட்டால் கனம், குழுவோடு வாசித்தால் குழம்பல்

கெபாசிட்டர்களைப் பெரிதாக்கியதால் கீழ் ஒலி, வெட்டும் இடத்துக்கு முன்பே மிகுந்துவிட்டது. மாற்றங்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஐ.சி.யின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்கினால் எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அந்த இடத்தில் கிட்டாரின் சுரம் எதுவும் இல்லை. உள்ளே வருவது உள்ளங்கை உடலில் மோதும் தட்டலும் மின் உறுமலும். அவையும் சேர்ந்து வெட்டப்படும்போது மேலே இருக்கும் சுரங்கள் கலங்குகின்றன. அந்தக் கெபாசிட்டரைப் பழைய மதிப்புக்குத் திருப்புங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால் 0.22க்கு இறக்கியும் பாருங்கள். கனம் வேண்டுமானால் வெட்டிய பிறகு, ஆம்பின் குமிழில் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாற்றாத பெடல் தேனீக்கூட்டம் போல் இரைகிறது

டோன் குமிழைக் கடிகாரத்தின் ஒன்பது மணித் திசைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி கேளுங்கள். அதை நடுவில் வைத்தே தீர்ப்பளிப்பவர்கள் அதிகம். அப்போதும் உறுத்தினால், டையோடுகளுக்கு இணையாக இருக்கும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 0.022 ஆக்குங்கள். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து, மேல் ஒலி குறையத் தொடங்கும் இடம் 7 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3.3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஒரே ஒரு பாகம். இந்தப் பெடலில் நான் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் இதுவே.

உறுமல், விசில், கரகரப்பு

பேட்டரியில் உறுமல் நின்றால் குற்றம் அடாப்டருடையது. நிற்காவிட்டால் எர்த் இணைப்பையும் கிட்டாரையும் பாருங்கள். விசில் அடித்தால், ‘ஒலியை மூடுகிறது’ என்று யாராவது பிடுங்கிய சிறு பைக்கோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களைத் திரும்பப் போடுங்கள். சுற்று தானாகவே அலைவதைத் தடுக்கவே அவை இருக்கின்றன. குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும்.

இரண்டுமே மாற்றாதவை, ஆனாலும் ஒன்றுபோல் இல்லை

‘மாற்றாத டிஎஸ்-1’ என்று ஒரே பொருள் கிடையாது. தொடக்கம் முதல் 1994 வரை தோஷிபா டிஏ7136ஏபி ஐ.சி., பிறகு ரோம் நிறுவனத்தின் பிஏ728என், 2000இல் மிட்சுபிஷி எம்5223ஏஎல், அதற்கும் பிறகு ஜேஆர்சி ஐ.சி.க்கள் என்று மாறி வந்திருக்கிறது. ஐ.சி. மாறியபோது சுற்றியுள்ள பாகங்களும் மாறின. காதில் விழும் வேறுபாட்டில் அவற்றின் பங்குதான் அதிகம். உங்கள் மாற்றிய பெடல் 1990 போர்டும், ஒப்பிடும் பெடல் 2010 போர்டும் என்றால், மாற்றத்தின் பலனை அந்த ஒப்பீடு காட்டாது. இரண்டின் அடித்தகட்டையும் கழற்றி ஐ.சி.யின் எழுத்தைப் படியுங்கள். பொருந்தாவிட்டால் ஒரே பெடலில், ஒரு சிறு ஸ்விட்ச் வழியாகப் பழைய டையோடையும் புதிய எல்.இ.டி.யையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கழற்றிய பாகங்களை மதிப்பு எழுதிய சிறு உறையில் போட்டுப் பெடலின் பெட்டியிலேயே வையுங்கள்.